ஒரு ப்ரொப்பெல்லர், இரண்டு இன்ஜின்: அறிகுறியைக் கொண்டு பழுதைப் பிடிப்பது

"அண்ணா, ரெண்டு இன்ஜினும் நல்லாத்தான் ஓடுது. ஆனா விமானம் ஏற மாட்டேங்குது." இரண்டு சிறிய இன்ஜின்களை ஒரே ப்ரொப்பெல்லரோடு இணைத்து விமானம் கட்டும் நண்பர்களிடமிருந்து, டர்பனிலிருந்தும் சரி, ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தும் சரி, எனக்கு வரும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: ஓடுகின்றன, சரி, இரண்டும் இழுக்கின்றனவா? ஓடுவது வேறு, சுமையை இழுப்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு இன்ஜினைப் பிரித்துப் போட்டு நாட்களை வீணாக்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பழுது பெரும்பாலும் இன்ஜினில் இருப்பதில்லை, இன்ஜினுக்கும் ப்ரொப்பெல்லருக்கும் நடுவில் இருக்கிறது.

நான் மனதில் வைத்துப் பேசும் அமைப்பு இது. இரண்டு இன்ஜின்கள் அருகருகே இருக்கின்றன. ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு ரப்பர் கப்ளிங் (அதிர்வைத் தாங்கும் இணைப்பு), அடுத்து ஒரு ஒருவழிக் கிளட்ச், அதற்கடுத்து பல் பெல்ட் அல்லது கியர், கடைசியில் இரண்டுக்கும் பொதுவான ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட். சைக்கிளின் பின்சக்கரத்து ஃப்ரீவீல் செய்யும் வேலையைத்தான் ஒருவழிக் கிளட்ச் செய்கிறது. இன்ஜின் முந்தினால் பிடித்துக்கொள்ளும், பின்தங்கினால் விட்டுவிடும். பெரும்பாலானவர்கள் ஸ்ப்ராக் வகையைப் போடுகிறார்கள். உள்வளையம், வெளிவளையம், நடுவில் சற்றுச் சாய்ந்து நிற்கும் சிறு எஃகுத் துண்டுகள். ஒரு திசையில் திருகினால் அந்தத் துண்டுகள் நிமிர்ந்து இரண்டு வளையங்களையும் இறுக்கிப் பிடிக்கும், மறு திசையில் வழுக்கி விடும்.

இது புதிய யோசனை அல்ல. டர்பனில் இருக்கும் தென்னாப்பிரிக்க விமானப்படையின் 15ஆவது ஸ்குவாட்ரன் பறக்கவிடும் ஓரிக்ஸ் ஹெலிகாப்டரில் இரண்டு மகீலா டர்பைன்கள் ஃப்ரீவீல் வழியாக ஒரே ரோட்டரைச் சுழற்றுகின்றன. பெல் 212 ஹெலிகாப்டரில் உள்ள ட்வின்-பேக் என்ற இரட்டை டர்பைனும் அதே கதைதான். பிஸ்டன் இன்ஜினிலும் 1930களின் இறுதியில் அமெரிக்காவில் மெனாஸ்கோ யூனிட்வின் என்று இரண்டு ஆறு சிலிண்டர் இன்ஜின்களை ஒரே ப்ரொப்பெல்லருக்கு இணைத்துப் பறந்திருக்கிறார்கள். ஆனால் டர்பைன் சீராகத் திருகும், பிஸ்டன் இன்ஜினோ ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு அடி கொடுக்கும். நம் தொல்லைகளில் பெரும்பகுதி அந்த அடியிலிருந்துதான் பிறக்கிறது.

எதைத் தொடுவதற்கும் முன்னால்

இரண்டு இன்ஜின்களின் இக்னிஷனும் அணைந்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் அணைத்துவிட்டு ப்ரொப்பெல்லரில் கை வைக்கும் பழக்கம், ஒற்றை இன்ஜின் விமானத்தில் வேலை செய்து பழகியவர்களுக்கு எளிதாக வந்துவிடும். இரண்டு ஸ்விட்சுகளையும் வாய்விட்டுச் சொல்லி அணையுங்கள். தரையில் ஓட்டிப் பார்க்கும்போது வாலைக் கட்டும் கயிறும் கொக்கியும் இரண்டு இன்ஜின்களின் இழுவையைத் தாங்க வேண்டும்.

அப்புறம், இன்ஜின் ஆறியிருக்கும்போது கையால் ஒரு சோதனை. ப்ரொப்பெல்லரை அது ஓடும் திசையிலேயே மெதுவாகத் திருப்புங்கள். இரண்டு இன்ஜின்களும் அசையாமல் நிற்க, ப்ரொப்பெல்லர் மட்டும் லேசாகச் சுற்ற வேண்டும். பிறகு எதிர்த்திசையில் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். இப்போது இரண்டு கிளட்சுகளும் பிடித்து, இரண்டு கிராங்க்குகளும் (இன்ஜினின் சுழல்தண்டுகளும்) கூடவே திரும்ப வேண்டும். கால் சுற்றுக்கு மேல் வேண்டாம், சில இன்ஜின்களைப் பின்னோக்கித் திருப்பினால் எண்ணெய் வழியில் காற்று புகுந்துவிடும். முன்னோக்கித் திருப்பும்போது ஒரு கிராங்க் கூடவே வந்தால் அந்தப் பக்கக் கிளட்ச் விடவில்லை. பின்னோக்கித் திருப்பும்போது ஒரு கிராங்க் நின்றுவிட்டால் அந்தப் பக்கக் கிளட்ச் பிடிக்கவில்லை. ஒரு நிமிட வேலை. ஒவ்வொரு முறை பறப்பதற்கு முன்பும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

(வேகம் கூடும்போது ஷூக்கள் விரிந்து டிரம்மைப் பிடிக்கும் மையவிலக்குக் கிளட்ச் போட்டவர்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. இன்ஜின் நின்றிருக்கும்போது அது எந்தத் திசையிலும் பிடிக்காது.)

மூன்று எண்கள்

இடது இன்ஜினின் ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), வலது இன்ஜினின் ஆர்.பி.எம்., ப்ரொப்பெல்லரின் ஆர்.பி.எம். இந்த மூன்றும் தனித்தனி மீட்டரில் தெரிய வேண்டும். ப்ரொப்பெல்லருக்குத் தனி மீட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அது இல்லாமல் கீழே வரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. குறைப்பு விகிதம் 2.5, அதாவது ப்ரொப்பெல்லரின் ஒரு சுற்றுக்கு இன்ஜின் 2.5 சுற்று என்று வைத்துக்கொள்வோம். ப்ரொப்பெல்லர் 2,200-இல் சுற்றினால் அதை 2.5-ஆல் பெருக்கி 5,500. இரண்டு இன்ஜின்களும் 5,500 காட்டினால் இரண்டும் பிடித்திருக்கின்றன. ஒன்று 5,500-க்கு மேல் காட்டினால் அது வழுக்குகிறது. ஒன்று 5,500-க்குக் கீழே காட்டினால் அது எதையும் இழுக்கவில்லை, சும்மா கூட ஓடிக்கொண்டிருக்கிறது.

மீட்டரை நம்புவதற்கு முன் அதையும் சோதியுங்கள். 5,500-இல் 50 வித்தியாசம் என்பது ஒரு சதவீதம்கூட இல்லை, மீட்டரின் பிழையாகவே இருக்கலாம். இரண்டு மீட்டர்களின் வயர்களையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் மீட்டரோடு போகிறதா, இன்ஜினோடு நிற்கிறதா என்று தெரிந்துவிடும். ப்ரொப்பெல்லருக்கு ஒளியால் அளக்கும் கைமீட்டர் வைத்திருந்தால் அதை ஹேங்கரின் பழைய சோக் வைத்த டியூப்லைட்டை நோக்கிக் காட்டுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே விளக்கு வினாடிக்கு 100 முறை மினுங்கும். மீட்டரை இரண்டு இலை (ப்ளேட்) என்று அமைத்திருந்தால் 3,000, மூன்று இலை என்று அமைத்திருந்தால் 2,000 காட்ட வேண்டும். லோட்ஷெடிங் (மின்வெட்டு) நேரத்தில் ஜெனரேட்டர் ஓடும்போது இதைச் செய்யாதீர்கள், அதன் ஹெர்ட்ஸ் ஏறி இறங்கும். இலை எண்ணிக்கையைத் தவறாக அமைத்துவிட்டுக் கியர்பாக்ஸைச் சந்தேகிப்பதும் நடக்கிறது. மூன்று இலை ப்ரொப்பெல்லரை இரண்டு இலை என்று அளந்தால் ஒன்றரை மடங்கு காட்டும்.

அறிகுறி: ஒரு இன்ஜினின் ஆர்.பி.எம். ஏறுகிறது, ப்ரொப்பெல்லர் ஏறவில்லை

இது வழுக்கல். உயரே இருந்தால் முதலில் அந்தப் பக்கத் த்ராட்டிலை இழுத்து மூடுங்கள், மற்ற இன்ஜினில் இறங்குங்கள், காரணத்தைத் தரையில் தேடலாம். தயங்க வேண்டாம். 5,500-க்குப் பதில் 5,800 ஓடினால் அந்த இன்ஜினின் சக்தியில் சுமார் 5 சதவீதம் கிளட்சிலோ பெல்ட்டிலோ சூடாகிறது. 60 குதிரைத்திறன் இன்ஜினுக்கு அது 2 கிலோவாட்டுக்கு மேல். உள்ளங்கை அளவு கிளட்ச் அதை நெடுநேரம் தாங்காது. திடீரென்று முழுவதும் விட்டுவிட்டால், சுமை போன டூஸ்ட்ரோக் இன்ஜின் எல்லை மீறிய வேகத்துக்குப் பாய்ந்து சீஸ் ஆகும், அதாவது உள்ளே இறுகி நின்றுவிடும்.

தரைக்கு வந்ததும் எங்கே வழுக்குகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கிளட்சின் உள்பக்கம், வெளிபக்கம், பெல்ட், புல்லி எல்லாவற்றின் மேலும் குறுக்கே ஒரே கோடாகப் பெயின்ட் இழுங்கள். இரண்டு இன்ஜின்களையும் ஓட்டி, சுமை கொடுத்து, நிறுத்திப் பாருங்கள். ஒருவழிக் கிளட்ச் நிறுத்தும்போது இயல்பாகவே கோட்டைக் கலைக்கும், அதனால் அங்கே கோடு கலைந்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் பல் பெல்ட்டும் புல்லியும் எண்ணிக்கை மாறாமல் ஓட வேண்டியவை. புல்லிப் பற்களையும் பெல்ட் பற்களையும் எண்ணி, எத்தனை சுற்றுக்கு ஒருமுறை கோடுகள் சேரும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். சேரவில்லை என்றால் பெல்ட் பல் தாண்டியிருக்கிறது. பல் தாண்டிய பெல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இழைகள் அடி வாங்கியிருக்கும்.

பெல்ட் சரியாக இருந்தால் கிளட்ச். முதல் சந்தேகம் எண்ணெய். ஸ்ப்ராக் கிளட்ச் உராய்வால் பிடிப்பது. உராய்வைக் குறைக்கும் மாலிப்டினம், கிராஃபைட் போன்ற கலவைகள் உள்ள எண்ணெய் அதற்கு ஆகாது. கியருக்கு நல்லது என்று கடும் அழுத்தத்துக்கான கியர் ஆயிலை ஊற்றி, அதே எண்ணெயில் கிளட்சும் நனைந்தால் தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கும். சிறு விமானங்களில் போடும் ரோட்டாக்ஸ் 912 இன்ஜினில்கூட, கியர்பாக்ஸுக்குள் ஒரு கிளட்ச் இருப்பதால்தான் உராய்வுக் குறைப்பான் சேராத எண்ணெயைக் கேட்கிறார்கள். கிளட்ச் செய்தவர் எந்த எண்ணெய் சொன்னாரோ அதுதான். கியருக்கு அது போதாது என்றால் கிளட்சைத் தனி அறையில் வையுங்கள், எண்ணெயில் சமரசம் வேண்டாம்.

ஜோகன்னஸ்பர்க் குளிர்காலக் காலை தனிக் கதை. ஜூன், ஜூலையில் விடியற்காலை ஹேங்கருக்குள் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிரும். எண்ணெய் கெட்டியாகி, ஸ்ப்ராக் துண்டுகள் நிமிர நேரம் எடுக்கும். முதல் சில நிமிடம் வழுக்கி, சூடானதும் சரியானால் இதுதான் காரணம். "சூடானா சரியாயிடுது, விட்டுடலாமா அண்ணா" என்றால், விடக் கூடாது. வழுக்கிய ஒவ்வொரு முறையும் வளையத்தின் பரப்பு மெருகேறி, அடுத்த முறை இன்னும் எளிதாக வழுக்கும். எண்ணெயைச் சூடாக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

அறிகுறி: மூன்று எண்களும் பொருந்துகின்றன, ஆனால் இழுவை இல்லை

மேலே சொன்ன நண்பரின் கேள்வி இதுதான், ஆட்களை அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். இரண்டு கிளட்சுகளும் பிடித்துவிட்டால் இரண்டு இன்ஜின்களுக்கும் ஒரே ஆர்.பி.எம்.தான். ஒன்று முழு மூச்சோடு தள்ள, மற்றது பிடிப்பு விடாத அளவுக்கு மட்டும் தள்ளினாலும் மீட்டர் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஒற்றை இன்ஜின் விமானத்தில் ஆர்.பி.எம்.மைப் பார்த்துச் சக்தியை ஊகிக்கலாம். இங்கே முடியாது.

செய்ய வேண்டியது இது. விமானத்தைக் கட்டி, இரண்டு த்ராட்டில்களையும் முழுவதும் திறந்து ப்ரொப்பெல்லரின் ஆர்.பி.எம்.மைக் குறித்துக்கொள்ளுங்கள். இடதை மட்டும் மூடி, எவ்வளவு இறங்கியது என்று குறியுங்கள். மறுபடி இரண்டையும் திறந்து, வலதை மட்டும் மூடிக் குறியுங்கள். இரண்டு இறக்கங்களும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். எதை மூடும்போது இறக்கம் குறைவோ அது சும்மா உட்கார்ந்திருந்த இன்ஜின்.

காரணம் பெரும்பாலும் எளிமையானது. த்ராட்டில் கேபிளின் நீளம் சமமாக இல்லை, லிவரை முழுவதும் தள்ளியும் ஒரு கார்புரேட்டர் முழுவதும் திறக்கவில்லை. காக்பிட்டில் லிவர் எங்கே நிற்கிறது என்று பார்க்காதீர்கள், கார்புரேட்டரின் கையைப் போய்ப் பாருங்கள். அடுத்தது காற்று வடிகட்டி, அடுத்தது கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட், அடுத்தது எக்சாஸ்ட். எரிபொருள் ஓட்டத்துக்கு இன்ஜினுக்கு ஒரு மீட்டர் இருந்தால் மிக நல்லது, எந்த இன்ஜின் எவ்வளவு உழைக்கிறது என்பதை அது நேராகச் சொல்லிவிடும். ஃபோர்ஸ்ட்ரோக் ஆனால் இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் ஒப்பிடலாம். எக்சாஸ்ட் சூட்டை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள். சூடு குறைவாக இருப்பது சுமை குறைந்ததாலும் இருக்கலாம், கலவையில் பெட்ரோல் கூடியதாலும் இருக்கலாம்.

அறிகுறி: ஐடிலில் கடகடவென்று அடிக்கிறது, த்ராட்டில் கொடுத்தால் அடங்குகிறது

இங்கே சற்று நிதானமாகப் படியுங்கள், கிளட்சைக் கொல்வது இதுதான். ஐடில் என்பது த்ராட்டில் மூடியிருக்கும்போது இன்ஜின் ஓடும் மெதுவான வேகம்.

ப்ரொப்பெல்லர் கனமானது, ஒரே வேகத்தில் சுற்ற விரும்பும். இன்ஜினோ வெடிப்புக்கு வெடிப்பு முந்தும், பின்தங்கும். நடுவில் உள்ள ரப்பர் கப்ளிங் ஒரு ஸ்பிரிங். கனம், ஸ்பிரிங், கனம் என்று ஒரு அமைப்பு இருந்தால் அதற்கென்று ஒரு இயல்பான அதிர்வெண் உண்டு. வெடிப்புகளின் தாளம் அந்த அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும் வேகத்தில் முறுக்கு அதிர்வு பெருகும். நான்கு சிலிண்டர் ஃபோர்ஸ்ட்ரோக்குக்கும், மாறி மாறி வெடிக்கும் இரண்டு சிலிண்டர் டூஸ்ட்ரோக்குக்கும் சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 1,500 ஆர்.பி.எம்.மில் வினாடிக்கு 50, 2,000-இல் ஏறக்குறைய 67. உங்கள் அமைப்பின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ் என்றால் 1,800-இல் அடிக்கும். ஐடில் அங்கேயே இருந்தால் நாள் முழுக்க அடிக்கும்.

ஒருவழிக் கிளட்ச் இருப்பதால் இது இன்னும் மோசமாகிறது. அதிர்வில் முறுக்கு ஒரு கணம் எதிர்ப்பக்கம் போனால் கிளட்ச் விட்டுவிடும். அடுத்த வெடிப்பில் இன்ஜின் வெறுமையில் பாய்ந்து வந்து மறுபடி பிடிக்கும். ஒவ்வொரு பிடிப்பும் ஒரு சுத்தியல் அடி. கிளட்சைத் திறந்தால் வளையத்தில் ஸ்ப்ராக் துண்டுகளின் இடைவெளிக்குச் சரியாகச் சிறு பள்ளங்கள் வரிசையாகத் தெரியும். துண்டுகளின் விளிம்பு சிதைந்திருக்கும். பள்ளம் விழுந்த வளையத்தை மெருகிட்டுத் திரும்பப் போடுவதில் பயனில்லை. கடினமான மேல்தோல் போய்விட்டால் வளையத்தின் கதை முடிந்தது.

சரிசெய்யும் வழி, அந்த அதிர்வெண்ணை ஐடிலுக்குக் கீழே தள்ளுவது. அதற்கு ரப்பர் மென்மையாக வேண்டும். இயல்பாகத் தோன்றுவது இதற்கு நேர் எதிரானது. ஆடுகிறது, தட்டுகிறது, எனவே ரப்பரை எடுத்துவிட்டு இரும்புக் கப்ளிங் போடுவோம் என்று தோன்றும். போட்டால் ஐடிலில் சத்தம் அடங்கும். ஆனால் அதிர்வெண் மேலே ஏறி, நீங்கள் மணிக்கணக்கில் பறக்கும் வேகத்தில் போய் உட்காரும். அங்கே சத்தம்கூடச் சரியாகக் கேட்காது, ஷாஃப்ட் முறியும்போதுதான் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்: தட்டுவது நின்றுவிட்டது என்பதற்காக இறுக்கமான கப்ளிங்கை ஏற்காதீர்கள்.

மென்மையான ரப்பர், சற்று உயர்த்திய ஐடில், ஸ்டார்ட் செய்யும்போதும் நிறுத்தும்போதும் அந்த வேகத்தை விரைவாகக் கடந்துபோவது. இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் தீரும். தீரவில்லை என்றால் ப்ரொப்பெல்லரின் எடையைப் பாருங்கள். இரண்டு இன்ஜின்களின் சக்தியை விழுங்க வேண்டும் என்று பெரிய ப்ரொப்பெல்லர் போட்டிருப்பீர்கள். ஆனால் ஒவ்வொரு கியர்பாக்ஸும் ஒரு எல்லைக்குள் செய்யப்பட்டது. ரோட்டாக்ஸ் 582-இன் பி வகைக் கியர்பாக்ஸ் ப்ரொப்பெல்லரின் சுழல் நிலைமத்தில் (சுழல் வேகம் மாறுவதை எதிர்க்கும் அளவு) 3,000 கிலோ சதுர சென்டிமீட்டர் வரை ஏற்கும், சி வகை 6,000 வரை. இரண்டு கியர்பாக்ஸ்கள் இருப்பதால் எல்லை இரட்டிப்பாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். ஒரு இன்ஜின் மட்டும் ஓடும் நேரத்தில் முழு ப்ரொப்பெல்லரும் அதன் தலையில்தான் விழும். மரமோ கார்பன் ஃபைபரோ, லேசான இலைகளுக்குப் போங்கள்.

அறிகுறி: ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் அதிர்வு வேறு மாதிரி

நேற்று பட்டுப்போல ஓடியது, இன்று உடம்பெல்லாம் நடுங்குகிறது, எதையும் தொடவில்லை. இதைக் கேட்டு ப்ரொப்பெல்லரைச் சமநிலைப்படுத்த ஓடாதீர்கள். ப்ரொப்பெல்லரில் குறை இருந்தால் எல்லா நாளும் ஒரே மாதிரி நடுங்கும்.

ஸ்ப்ராக் கிளட்ச் எந்தக் கோணத்திலும் பிடிக்கும். ஆகவே இரண்டு கிராங்க்குகளுக்கும் நடுவே உள்ள கோணம் அன்றன்று எப்படி அமைகிறதோ அப்படி. இரண்டு இன்ஜின்களும் ஒரே கணத்தில் வெடித்தால் அடிகள் சேர்ந்து இரட்டிப்பாகும். சுற்றுக்கு இரண்டு வெடிப்புள்ள இன்ஜின்கள் 90 பாகை தள்ளி அமைந்தால் ஒன்றின் பள்ளத்தை மற்றது நிரப்பி, சுற்றுக்கு நான்கு மென்மையான அடியாகும். உறுதி செய்ய எளிய வழி உண்டு. அதிர்வு மோசமாக இருக்கும்போது ஒரு த்ராட்டிலை மூடி, அந்த இன்ஜின் பின்தங்கியதும் மெதுவாகத் திறந்து மறுபடி சேருங்கள். கோணம் மாறும், அதிர்வும் மாறும். மாறினால் காரணம் இதுவே.

கோணத்தை நிலையாக வைக்க வேண்டும் என்றால் கிளட்சை எடுத்துவிட்டு நேர் கியரில் இணைக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் ஒரு இன்ஜின் சீஸ் ஆகும்போது மற்றதும் நின்றுபோகும், இரண்டு இன்ஜின் வைத்ததற்கே பொருள் இல்லை. பிரிட்டனின் ஃபேரி கேனட் விமானத்தில் டபுள் மாம்பா என்ற இரட்டை டர்பைனுக்கு இந்தச் சிக்கலையே வரவிடவில்லை. எதிரெதிராகச் சுற்றும் இரண்டு ப்ரொப்பெல்லர்கள், ஒவ்வொரு இன்ஜினுக்கும் சொந்தமாக ஒன்று. ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதில் பறந்துகொண்டே இருக்கலாம். ஹேங்கரில் கட்டுகிறவர்களுக்கு அது எட்டாத தொலைவு. நமக்கு மென்மையான கப்ளிங்கும், நல்ல கோணம் கிடைக்கும் வரை ஒருமுறை பிரித்துச் சேர்ப்பதும்தான் வழி.

அறிகுறி: இரண்டாவது இன்ஜின் சேரும்போது 'டொம்' என்று ஒரு அடி

முதல் இன்ஜின் ப்ரொப்பெல்லரைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போது இரண்டாவதற்கு எந்தச் சுமையும் இல்லை. த்ராட்டிலைச் சற்றே திறந்து ஸ்டார்ட் செய்தால் அது வெறுமையில் பாய்ந்துபோய் ப்ரொப்பெல்லரின் வேகத்தில் மோதும். முதல் இன்ஜின் ஐடிலில், இரண்டாவதன் த்ராட்டில் முழுவதும் மூடிய நிலையில் ஸ்டார்ட், பிறகு மூச்சுவிடும் வேகத்தில் மெல்ல ஏற்றுவது. இப்படிச் செய்தும் அடித்தால் ஐடில் ஸ்க்ரூ அதிகமாகத் திருகியிருக்கிறது.

அறிகுறி: த்ராட்டிலை மூடினாலும், இன்ஜினை அணைத்தாலும் அது நிற்காமல் சுற்றுகிறது

கிளட்ச் விடவில்லை. இப்படி ஒரு நிலையில் பறக்கக் கூடாது. அந்த இன்ஜின் உயரே சீஸ் ஆனால் ப்ரொப்பெல்லரையும் நல்ல இன்ஜினையும் சேர்த்து நிறுத்தும், அல்லது எதையாவது முறிக்கும்.

டர்பன் நண்பர்களுக்கு இது அதிகம் வரும். வர்ஜீனியா விமான நிலையம் இந்தியப் பெருங்கடலை ஒட்டியே இருக்கிறது. அங்கே உப்புக் காற்றும் ஈரமும் எதையும் விடாது. விமானம் வாரக்கணக்கில் நின்றால் வளையத்தின் மேல்பாதியிலிருந்து எண்ணெய் வடிந்துவிடும், அங்கே ஈரம் படிந்து ஸ்ப்ராக் துண்டுகள் துருவில் ஒட்டிக்கொள்ளும். ஓட்டாவிட்டாலும் வாரம் ஒருமுறை ப்ரொப்பெல்லரை முன்னோக்கிக் கையால் சில சுற்று திருப்பி எண்ணெயைப் பரவவிடுங்கள், இரண்டு இக்னிஷன்களும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு. ஜோகன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் உயர்நிலப் பக்கம் இதற்குக் காரணம் பெரும்பாலும் குளிரில் கெட்டியான எண்ணெய்தான். மையவிலக்குக் கிளட்ச் என்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது ஷூக்கள் சூட்டில் மெருகேறி டிரம்மோடு ஒட்டியிருக்கும்.

கியர் அமைப்பில் இன்னொரு சான்று உண்டு. பற்களின் முன்முகம் தேய்வது இயல்பு. பின்முகமும் பளபளத்தால் அங்கே வரக்கூடாத முறுக்கு வந்திருக்கிறது. கிளட்ச் இழுத்திருக்கும், இல்லையென்றால் ஐடில் அதிர்வில் கியர் துள்ளியிருக்கும்.

அறிகுறி: பெல்ட்டைச் சுற்றி கறுப்புத் தூள், ஒரு ஓரம் மட்டும் தேய்வு

புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. நேரான கம்பியை இரண்டு புல்லிகளின் முகத்திலும் வைத்துப் பாருங்கள், இன்ஜின் ரப்பர் மவுன்டில் சுமையோடு சாயும் என்பதையும் கணக்கில் எடுங்கள். குளிர்ந்தபோது பெல்ட் சரியான இறுக்கம், சூடானபோது கீச்சென்று பாடுகிறது என்றால் அலுமினியத் தட்டு நீள்கிறது. 300 மில்லிமீட்டர் அலுமினியம் 60 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் நீளும். கார்பன் இழை பெல்ட் நீண்டு கொடுக்காது, அந்த நீட்சி அப்படியே பேரிங்கின் மேல் சுமையாக ஏறும். இறுக்கத்தைக் குளிரிலும் சூட்டிலும் இரண்டு முறை அளந்து பாருங்கள்.

அறிகுறி: ஒன்றை நிறுத்தினால் மற்றது மூச்சுத் திணறுகிறது

இது பழுதே இல்லை, கணக்கு. அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் பறப்பதுதான் ஆபத்து.

இலையின் கோணம் மாறாத ப்ரொப்பெல்லர் விழுங்கும் சக்தி ஆர்.பி.எம்.மின் கனமடங்காக ஏறும். இரண்டு இன்ஜின்களின் முழுச் சக்திக்குப் பொருந்தும் ப்ரொப்பெல்லரை ஒரே இன்ஜின் சுழற்றினால் முறுக்கு பாதி. முறுக்குத் தேவை ஆர்.பி.எம்.மின் இருமடியாகப் போவதால் ஆர்.பி.எம். சுமார் 71 சதவீதத்துக்கு இறங்கும். 2,200-இல் சுற்றியது 1,550-க்கு வரும். அந்த வேகத்தில் இன்ஜினால் தன் முழுக் குதிரைத்திறனைக் கொடுக்க முடியாது. கையில் மிஞ்சுவது பாதிச் சக்தி அல்ல, இரண்டும் சேர்ந்து கொடுத்ததில் சுமார் 35 சதவீதம். வேகம் குறைந்தாலும் முறுக்கு அப்படியே நிற்கும் இன்ஜினுக்கே இந்தக் கணக்கு. வேகம் குறைந்தால் சுருண்டுவிடும் டூஸ்ட்ரோக்குக்கு இதைவிடக் குறையும்.

இதன் மேல் நம் ஊரின் உயரத்தை வையுங்கள். ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த ஜெர்மிஸ்டனில் உள்ள ராண்ட் விமான நிலையம் சுமார் 5,500 அடி. அங்கே டர்போ இல்லாத இன்ஜின் கடல்மட்டச் சக்தியில் ஏறக்குறைய 17 சதவீதத்தை இழக்கிறது. 30 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி 8,600 அடியில் இருப்பதைப் போல ஆகிவிடும், இழப்பு கால்வாசியை எட்டும். டர்பனில் ஒற்றை இன்ஜினில் மட்டமாகப் பறந்த விமானம் இங்கே அப்படிப் பறக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். உயரே கோணத்தை மாற்றக்கூடிய ப்ரொப்பெல்லர் போட்டால் ஒற்றை இன்ஜின் தன் முழு வேகத்தில் ஓடலாம். எடையும் பணமும் கூடும். ஆனால் இரண்டாவது இன்ஜினைக் காப்பீடாக நினைத்துக் கட்டுகிறவர் இதற்குச் செலவழிக்காமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அறிகுறி: எப்போதும் ஒரே பக்கத்து இன்ஜின் சூடாகிறது

காற்று போகும் வழி. நெருக்கி அடைத்த இரண்டு இன்ஜின்களில் ஒன்றின் சூடான காற்று மற்றதன் ரேடியேட்டருக்குள் போகும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ஹெயின்கெல் 177-இல் இரண்டு டி.பி. 601 இன்ஜின்களை ஒட்டி டி.பி. 606 ஆக்கினார்கள். நெருக்கமான கூட்டுக்குள் எண்ணெய்க் கசிவும் எக்சாஸ்ட் சூடும் சேர்ந்து மறுபடி மறுபடி தீப்பிடித்தது. இரண்டு இன்ஜின்களுக்கும் நடுவில் தகடு வைத்துப் பிரியுங்கள். கசியும் எண்ணெய் எக்சாஸ்ட் குழாயில் சொட்ட வழியே இருக்கக் கூடாது.

அறிகுறி: இரண்டும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன

கப்ளிங்கை விடுங்கள், பொதுவாக இருப்பதைத் தேடுங்கள். ஒரே டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா, ஒரே வடிகட்டி, ஒரே பம்ப், ஒரே பேட்டரி, ஒரே எர்த் வயர். டேங்க் மூடியைத் திறக்கும்போது உள்ளே காற்று உறிஞ்சும் சத்தம் கேட்டால் காற்றுத் துளைதான். ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனிப் பம்ப், தனி வடிகட்டி, இக்னிஷனுக்குத் தனி எர்த் கொடுங்கள். டேங்க் ஒன்றுதான் என்றால் காற்றுத் துளையாவது இரண்டு இருக்கட்டும், ஒன்று குளவி கூடு கட்ட முடியாத இடத்தில். இவற்றில் எதை மாற்றினாலும், கப்ளிங்கில் கை வைத்தாலும், உங்கள் இசட்.யூ. (ZU, சொந்தமாகக் கட்டியவை போன்ற விமானங்களுக்கான தென்னாப்பிரிக்கப் பதிவு) விமானத்தின் லாக்புக்கில் எழுதி, அப்ரூவ்டு பெர்சன் (அங்கீகாரம் பெற்ற பரிசோதகர்) பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே ஓடுபாதைக்கு எடுத்துப் போங்கள்.